இரைச்சல்

பம்பலப்பிட்டியில், கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில்
மூன்றாம் மாடி அறை.
ஏழு மரத்துண்டுகள். சேர்த்தால் ஒரு மீன்.
ஒரு பிள்ளை, பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ,
சுவர்மூலையில் கமெரா.

என் வேலை பிறகு.
ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு
பெற்றவர்களின் வாயை எண்ணுவது.
கட்டளைக்குக் ‘க’, கேள்விக்குக் ‘கே’,
புகழ்ச்சிக்குப் ‘பு’,
பிள்ளையின் கைக்கு மேலே தன் கையை வைத்தால்
ஒரு நட்சத்திரம்.
ஐந்து வினாடிக்கு மேல் பேசாதிருந்தால் ‘மௌ’.
நாற்பத்திரண்டு குடும்பத்தில் ‘மௌ’ பதினொன்று.
அதிலும் நாலு, போன் வந்தபடியால்.

டொக்டர் சுகிர்தா நல்லையா
மீன் சரியா என்று பார்ப்பதேயில்லை.
அவவுக்கு வேண்டியது பிறகு வரும் எட்டு நிமிடம்:
அம்மா கையெழுத்துப் போட வெளியே போவா,
"கொஞ்சம் இருங்கோ" என்று நானும் போவேன்,
மேசையில் துண்டுகள் கிடக்கும்.
யாரும் இல்லாத அறையில்
கை தானாக அவற்றிடம் போகிறதா?
அவ்வளவுதான் ஆராய்ச்சி.

பதினேழாம் இலக்கப் பிள்ளை கெட்டிக்காரி.
மூன்று நிமிடத்தில் மீன். ‘பு’ பதினான்கு.
எட்டு நிமிடமும் கதவையே பார்த்திருந்தாள்
கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு.

இருபத்தாறாம் இலக்கத்தின் அப்பா
வங்கி மனேஜர், நல்ல மனிதர்.
"அதில்ல மகன். மற்றது. மற்றது. திருப்புங்க.
நான் சொல்லேல்ல, நீங்களே யோசியுங்க. அதில்ல."

ரயில்.

கோட்டையிலிருந்து பாணந்துறை போகும் மூன்றரை வண்டி.
யன்னல் கண்ணாடி நடுங்குகிறது,
ஒலிப்பதிவில் ஒரு கறுப்புப் பட்டை.
அவருடைய உதடு அசைகிறது. எனக்குக் கேட்கவில்லை.
பையனுக்கும் கேட்கவில்லை.
வால் துண்டை எடுத்தான்,
தலைகீழாக வைத்தான், முகத்தைச் சுளித்தான்,
கழுத்தைச் சரித்துப் பார்த்தான்,
திருப்பினான்.
ரயில் போய் முடிந்தபோது
வால் அதன் இடத்தில் இருந்தது.
"பாத்தீங்களா, நான் சொன்னன்தானே" என்றார் அப்பா.
அதற்குக் ‘க’ போடுவதா ‘பு’ போடுவதா என்று
பேனையைப் பிடித்தபடி இருந்தேன்.

விதிப்படி அந்த நாற்பது வினாடி இரைச்சல்.
வெட்டவேண்டும்.
வெட்டியதையெல்லாம் ஒரு கோப்பில் போட்டுவைத்து
மத்தியானம் அவவுக்குக் காட்டினேன்.
சோற்றுப் பார்சலை மூடிவிட்டு
இரண்டு தரம் பார்த்தா.
"ஒன்பது ரயில் ஒரு முடிவாகாது, ஜெசிந்தா."
சரிதான். மூன்று ரயிலில் பிள்ளைகள்
காதைப் பொத்திக்கொண்டு சும்மா இருந்தவர்கள்.
ஒருத்தி அழுதவள்.

பிறகு, கை கழுவப் போன இடத்தில் நின்று
கண்ணாடிக்குச் சொல்லுவது போல:
"என்ர மகள் மெல்பேர்னில. முப்பத்தொரு வயசு.
சோபா வாங்கினாலும் படம் அனுப்பி
சரியா அம்மா எண்டு கேட்பா."
தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கொட்டாஞ்சேனையில் என் வீட்டுப் பக்கம் ரயில் இல்லை.
தேவாலய மணி, பஸ், கீழ்வீட்டு டீவி,
எதுவும் என் குரலை மூடப் போதாது.
மகனுக்கு ஆகஸ்டில் ஸ்கொலர்ஷிப்.
நேற்றிரவு பின்னக் கணக்கு.
அவன் பென்சிலை எடுக்குமுன்னமே
"கீழ் எண்ணைப் பார்" என்றேன்.
க.
"அதில்ல, கீழ் எண்."
க.
பென்சில் என் கையில் இருந்தது.
நட்சத்திரம்.

எழும்பிக் குசினிக்குள் போனேன்.
கிரைண்டருக்குள் ஒன்றும் போடாமல்
மூடியை அழுத்திப் பிடித்துச் சுவிட்சைப் போட்டேன்.
வெறும் கத்தி சுற்றியது.
கதவிடுக்கால் அவனுடைய பிடரி மட்டும் தெரிந்தது.
அழித்தான். எழுதினான். பென்சிலைக் கடித்தான்.
திரும்ப அழித்தான்.
சரியா பிழையா, இங்கிருந்து தெரியாது.

"அம்மா, என்ன அரைக்கிறீங்க?"
"ஒண்டுமில்லை" என்று கத்தினேன்.
அவனுக்குக் கேட்டிருக்காது.